முன்னோர் ஊருக்கு முதன்முறை வரும்போது பட்டு வேட்டி, பட்டுப்புடவையில் வரலாமா?

மலேசியாவின் கிள்ளானில் பிறந்து வளர்ந்த நீங்கள், உங்கள் தாத்தாவின் தந்தை விட்டுச் சென்ற நாமக்கல் பக்கத்துச் சிற்றூருக்கு வருகிற மே மாதம் மனைவியோடும் 15 வயது மகளோடும் முதன்முறையாக வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டு வேட்டியும் பட்டுப்புடவையுமாக ஊருக்குள் நுழைய வேண்டும் என்பது உங்கள் ஆசை. பார்ப்பவர்களுக்கு அது வேடம் கட்டியதுபோல் தோன்றிவிடுமோ என்பது உங்கள் தயக்கம்.

வேட்டியிலேயே வாருங்கள், ஆனால் அது பருத்தி வேட்டியாக இருக்கட்டும். பட்டைப் பெட்டியில் வைத்திருந்து, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் நாளில் எடுத்துக் கட்டுங்கள். இதை நான் துணிந்து சொல்வதற்குக் காரணம், 2018ஆம் ஆண்டு மே மாதம் இதே போன்ற ஒரு பயணத்துக்கு நான் வழித்துணையாகப் போனவன் என்பதுதான்.

நான் சென்னை அயனாவரத்தில் வசிக்கிறேன். எங்கள் பூர்வீகம் திருச்சி மாவட்டம் துறையூருக்கு அருகில். என் தாத்தாவின் அண்ணன் 1937இல், தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு மலாயாவுக்குக் கப்பலேறினார். மறு ஆண்டே இந்திய அரசு அங்கே கூலியாட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டதால், எங்கள் தெருவிலிருந்து அவ்வழியில் போன கடைசி ஆள் அவர்தான் என்பார்கள். அவருடைய பேரன், எனக்கு அண்ணன் முறை, ஈப்போவிலிருந்து குடும்பத்துடன் வந்தார். சென்னையில் என் வீட்டில் ஓரிரவு தங்கிவிட்டு, விடியற்காலையில் காரில் கிளம்பும்போதே அகலச் சரிகை போட்ட பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் அணிந்திருந்தார். அண்ணி அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எண்பது ஆண்டுக் கனவை ஆறு மணிக்கு நிறுத்துவது எப்படி?

நண்பகலில் எங்கள் தெருமுனையில் இறங்கியபோது, சைக்கிள் டயர் உருட்டிக்கொண்டிருந்த பையன் ஒருவன் கேட்ட முதல் கேள்வி, "யார் வீட்டுக் கல்யாணம்?" என்பதுதான். திண்ணையில் வெற்றுடம்போடு அமர்ந்திருந்த சித்தப்பா, மடித்துக் கட்டியிருந்த கைலியை அவசரமாக இறக்கிவிட்டு உள்ளே ஓடிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். நைட்டியில் இருந்த சித்தி கதவுக்குப் பின்னால் போய்விட்டார். பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, கலர் வாங்க ஆள் ஓடியது. அண்ணன் உறவினராகத் தோன்ற ஆசைப்பட்டு உடுத்திய உடை, அவரை விருந்தாளியாக, அதுவும் பெரிய இடத்து விருந்தாளியாக, ஆக்கிவிட்டது. இன்னொன்றும் நடந்தது. அது இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை (வெல்க்ரோ) வைத்துத் தைத்த வேட்டி. பந்தியில் சம்மணமிட்டு அவர் அமர்ந்த வேகத்தில் "பர்ர்" என்று விட்டுக்கொண்டது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். உண்மையில் உறவு அந்தச் சிரிப்பில்தான் ஒட்டியது என்றாலும், உங்களுக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அன்று மாலை என் அப்பாயி, அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், அண்ணனின் வேட்டிக் கரையை விரலால் நீவிப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "ஒங்க தாத்தன் மொதமொத ஊருக்கு வந்தப்ப கால்சட்ட, பூட்சு, தலையில தொப்பி. நீ என்னடான்னா வேட்டியில வந்து எறங்குற." பெரிய தாத்தா 1950களின் நடுவில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்திறங்கி, அங்கிருந்து ஊருக்கு வந்திருக்கிறார். அவர் ஊரைவிட்டுப் போன காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஊர்த்தெருவில் தோளில் துண்டு போட்டோ காலில் செருப்பு மாட்டியோ நடக்க முடியாது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். கால்சட்டையில் இடுப்பில் கட்டுவதற்குத் துண்டே இல்லை. பூட்சைக் கழற்றச் சொல்ல அன்று யாருக்கும் துணிவு வரவில்லை என்று அப்பாயி சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஆகவே "பாரம்பரிய உடை" என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது, அது யாருடைய பாரம்பரியம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடி, 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். தோட்டத்துக்குக் கப்பலேறிய உங்கள் கொள்ளுப்பாட்டியும் பட்டுடுத்தி, ஜாக்கெட் அணிந்து இந்த ஊரில் நடந்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவரை நினைத்து உடுத்துவதானால் கைத்தறிப் பருத்திச் சேலைதான் அவருக்கு நெருக்கமானது. பட்டைத் தவிர்க்கச் சொல்வதில் மே மாத வெயிலுக்குப் பாதிப் பங்கு உண்டு. மீதிக்கு இதுதான் காரணம்.

இனி வேட்டியைப் பற்றி. நான்கு முழ ஒற்றை வேட்டி வெயிலில் நிழலுருவம் காட்டும்; பழக்கமில்லாதவர் எட்டு முழ இரட்டை வேட்டி வாங்குவதே உத்தமம். ஒட்டும் பட்டை வேண்டாம். சாதாரண வேட்டியை இறுக்கிச் செருகி, மேலே ஒரு பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், இங்கேயும் பலர் அப்படித்தான் செய்கிறோம். கரையில் கவனம் தேவை. கறுப்பு சிவப்புக் கரையும், அவற்றுக்கு நடுவே வெள்ளை ஓடும் கரையும் அழகாக இருக்கின்றன என்று எடுத்துவிடாதீர்கள். அவை கட்சிக் கரைகள், ஊரில் இறங்கிய ஐந்தாவது நிமிடம் நீங்கள் எந்த வட்டச் செயலாளருக்கு உறவு என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடும். காவி வேட்டியும் கறுப்பு வேட்டியும் மாலை போட்டவர்களுக்கு உரியவை. மெல்லிய பச்சைக் கரையோ, ஒரு விரல் அகலச் சரிகையோ போதும். எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள கோ-ஆப்டெக்ஸில் இவை கிடைக்கும். 1935இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு நிறுவனம் அது, உங்கள் மனைவிக்கான சேலையையும் அங்கேயே பார்க்கலாம்.

கட்டுவதைவிட, கட்டியபின் நடந்துகொள்ளும் முறையில்தான் வெளியூர் ஆள் அகப்பட்டுக்கொள்வார். வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டி நடப்பது வசதிக்காக; எதிரே பெரியவர் வந்தால், கோயில் வாசல் வந்தால், துக்க வீட்டுக்குள் நுழைந்தால் அதை இறக்கிவிட வேண்டும். சித்தப்பா அன்று கைலியை இறக்கிவிட்டது அந்த மரியாதைதான். நீங்கள் வீட்டில் கட்டும் கட்டம்போட்ட கைலியையும் தயங்காமல் எடுத்து வாருங்கள். மலாய்க்காரர்கள் 'பெலேக்காட்' என்று சொல்லும் அந்தத் துணியின் பெயரே சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டிலிருந்து போனதுதான். மறுநாள் காலை அண்ணன் அதைக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டுடன் பம்புசெட்டுக்குக் குளிக்கப் போனபோது எவரும் நாற்காலி தேடவில்லை. ஆனால் கைலியில் கோயிலுக்குள் போகாதீர்கள், பல கோயில்களில் அனுமதியில்லை. திருச்செந்தூர் போன்ற தலங்களுக்குப் போகும் எண்ணம் இருந்தால், சன்னதியில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சென்னையில் வேட்டியோடு எங்கே போனாலும் உங்களை யாரும் தடுக்கக் கூடாது. 2014இல் சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடாததால் பெரிய சர்ச்சையாகி, அதே ஆண்டில் அதற்கென்று சட்டமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. உங்கள் தயக்கத்துக்கு இதுவும் ஒரு மருந்தாகலாம்: வேட்டி கட்டியதற்காகச் சங்கடப்பட்டது நீங்கள் மட்டுமல்ல.

உங்கள் மனைவி வெள்ளை அல்லது வெளிர்நிறச் சேலையில் முதல் நாள் வர வேண்டாம். நகரத்தில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்றாலும், ஊர்க் கிழவிகளின் கண் முதலில் நெற்றிக்கும் கழுத்துக்கும்தான் போகும். மஞ்சள், பச்சை, அரக்கு எதுவும் சரி.

பட்டுக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தில் ஒரு பங்கை, உடுத்துவதற்கு அல்லாமல் கொடுப்பதற்குச் செலவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். குலதெய்வத்துக்கு, ஆண் தெய்வமானால் வேட்டி துண்டும், அம்மனானால் சேலையும் எடுத்துச் சாத்துவது வழக்கம். அதன்பின் பங்காளி வீடுகளில் மூத்தவர்களுக்கு ஆளுக்கொரு வேட்டியோ சேலையோ, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுங்கள். அண்ணன் ஈப்போவிலிருந்து கொண்டுவந்த வாசனைத் திரவியப் புட்டிகளும் சாக்லேட்டும் அரை மணி நேரத்தில் பிள்ளைகளிடம் போய்விட்டன. துறையூரில் அவசரமாக வாங்கிய நூல் சேலையை அப்பாயி பிரித்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன் வைத்து எடுத்து, அன்றே உடுத்திக்கொண்டார். அதோடு உங்களுக்கும் புதுத்துணி எடுத்துத் தருவார்கள். அளவு பொருந்தாவிட்டாலும் அங்கேயே ஒருமுறை உடுத்திக் காட்டிவிடுங்கள்.

மகளைச் சேலை கட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவள் வயதுப் பெண்கள் அந்த ஊரிலும் சுடிதாரில்தான் டியூஷனுக்குப் போகிறார்கள். துப்பட்டா ஒன்றை மட்டும் மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோயிலுக்கும் ஆகும், பொங்கல் வைக்கும் இடத்தில் புகை சூழும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் ஆகும்.