கடற்கரையில் இரண்டு மாதம், வண்டியே வீடு

கேள்வி: பணி ஓய்வு பெற்ற தம்பதி நாங்கள். அமெரிக்காவிலுள்ள மகனின் ஆர்.வி. வண்டியில் (படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி), அவனோடு மெக்ஸிகோவின் சான் ஃபெலிப்பே கடற்கரையில் இரண்டு மாதம் தங்கப்போகிறோம். எதில் கவனம் தேவை? - வாசகி, திருவான்மியூர்

பதில்: செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா வேண்டாம். அதிகபட்சம் 180 நாள். எத்தனை நாள் தந்திருக்கிறார்கள் என்று எல்லையிலேயே பாருங்கள். திரும்பும் தேதியிலும் அமெரிக்க விசா காலாவதியாகாமல் இருக்க வேண்டும். அமெரிக்க வாகனக் காப்பீடு அங்கே செல்லாது, மெக்ஸிகோ பாலிசி எடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது வண்டியின் கழிவறைக் கழிவு சேரும் தொட்டியில்தான். தொட்டியிலிருந்து சாக்கடைக்குக் குழாய் மாட்டியாயிற்றே என்று அதன் வால்வைத் திறந்தே வைத்தால் நீர் மட்டும் ஓடிவிடும். மலம் அடியில் இறுகிக் கல்லாகிவிடும். மூடியே வைத்து, முக்கால் பங்கு நிறைந்ததும் திறங்கள். அதன் பிறகு குளியல் நீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் அலசப்பட்டுவிடும்.

மின்சாரம் 127 வோல்ட். எல்லோரும் ஏ.சி. போடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும். வோல்ட் மீட்டர் 105-க்குக் கீழே காட்டினால் உடனே ஏ.சி.யை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கம்ப்ரஸர் போய்விடும். குடிக்க 20 லிட்டர் கேன் தண்ணீர்தான். உப்புக்காற்று உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பாடுபடுத்துவது போலவே வண்டியின் படி, கீல்களையும் அரிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.