அறுபதும் நாற்பதும் எழுதியும் ஏன் சண்டை?

கேள்வி: எங்களுடையது கடைமடை. மேலூருக்கு 60 கன அடி, எங்களுக்கு 40 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனாலும் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மதகடியில் கைகலப்புதான். என்ன செய்யலாம்?

கோளாறே அந்த 60, 40-ல்தான் இருக்கிறது. நொடிக்கு 100 கன அடி ஓடும்வரை பிரச்சினை இல்லை. 50 ஆகக் குறைந்த அன்று, "எனக்கே இன்னும் 10 பாக்கி" என்று மேலூர்க்காரர் முழுவதையும் திருப்பிக்கொள்வார், ஒப்பந்தப்படி பார்த்தால் அவர் சொல்வதும் நியாயம்! அதனால் அளவை எழுதாதீர்கள், பங்கை எழுதுங்கள்: வருகிற தண்ணீரில் பத்துக்கு ஆறு, பத்துக்கு நாலு. 50 வந்தால் 30, 20.

பெரிய ஆட்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1922-ல் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை மேல் படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஒரு ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்), கீழ்ப் படுகைக்கும் அதே அளவு என்று பிரித்தார்கள். அவர்கள் பார்த்த கணக்கு நல்ல மழைக் காலத்துக் கணக்கு. நூறு வருடம் கழித்தும் ஏழு மாநிலங்கள் ஆற்றில் வராத தண்ணீருக்குப் பங்கு கேட்டு மல்லுக்கட்டுகின்றன.

சரி, 15 கன அடிதான் வருகிறது என்றால்? அப்போது பங்கும் உதவாது, ஏனென்றால் உங்கள் 6 கன அடி காய்ந்த வாய்க்காலில் ஊறி, வயல் வந்து சேர்வதற்குள் பாதி போய்விடும். அந்த நேரத்தில் முறை வையுங்கள். குடிநீருக்கு ஒதுக்கியது போக மொத்தத் தண்ணீரும் மூன்று நாள் மேலே, இரண்டு நாள் கீழே. தண்ணீர் வழியில் ஓடுகிற நேரத்தை உங்கள் இரண்டு நாளில் கழிக்கக் கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள், இதை விட்டுவிட்டு அப்புறம் அழுகிறவர்கள்தான் அதிகம். எந்த அளவுக்குக் கீழே போனால் முறை தொடங்கும் என்பது ஆறு நிறைய ஓடும்போதே முடிவாக வேண்டும்.

அடுத்து, அளவுகோல். மதகுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று நட்டு, காலை ஆறு மணிக்கு இரண்டு ஊர் ஆளும் சேர்ந்து நின்று படித்து ஒரே நோட்டில் கையெழுத்துப் போடட்டும். பாதிச் சண்டை வதந்தியால் வருவது.

மீறினவரை யார் விசாரிப்பது? ஸ்பெயினின் வலென்சியாவில் விவசாயிகளே நடத்தும் தண்ணீர் நீதிமன்றம் வியாழன்தோறும் கூடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் வாய்க்கால் பிரதிநிதி அந்தத் தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. அந்த ஒரு விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, ஆற்றங்கரைக் கிணறுகளையும் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவாருங்கள். மதகை மூடிவிட்டுக் கரையோரக் கிணற்றில் ராத்திரி முழுக்க மோட்டார் ஓட்டினால், அதுவும் பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர்தான்.