இன்டிசைனில் படத்தின் பிரேமை ஒரு மூலையில் மட்டும் சரிக்க

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் சுவாமி மலைப் படத்தின் அடிப்பக்கத்தைச் சரிவாக்குவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். படத்தைத் தாங்கும் சட்டம்தான் பிரேம். ஏ விசையைத் தட்டி வெள்ளை அம்புக்குறியை எடுத்து, படத்துக்குள்ளே தொடாமல் பிரேமின் விளிம்புக் கோட்டிலேயே கிளிக் செய்யுங்கள். மூலைகளில் வெற்றுச் சதுரங்கள் தெரியும். வலது கீழ்ச் சதுரத்தை மட்டும் பிடித்து மேலே இழுத்தால் சுவாமி மலைப் படத்தின் அடிப்பக்கம் நீங்கள் கேட்டபடி சரிவாக வரும்.

வெள்ளை அம்புக்குறியிலும் படம்தான் நகர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் படத்தின் நடுவில் கிளிக் செய்திருப்பீர்கள், அங்கே தொட்டால் பிரேமை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் படத்தைத்தான் அது பிடிக்கும். கோட்டின் நிறத்தைப் பாருங்கள்: பிரேம் என்றால் அது இருக்கும் லேயரின் (அடுக்கின்) நிறம், புதிய கோப்பில் இளநீலம். வேறு நிறம் என்றால் கையில் இருப்பது படம். நிறம் சரியாக இருந்தும் பிரேம் முழுவதும் நகர்ந்தால் எல்லாச் சதுரங்களும் நிரம்பியிருக்கும், வெளியே ஒருமுறை கிளிக் செய்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

பாறை போல் வளைவும் வேண்டுமென்றால் பென் கருவியால் விளிம்பில் புள்ளி சேர்த்து, ஷிஃப்ட்+சி தட்டி அந்தப் புள்ளியை இழுங்கள்.

ஒன்று கவனம். பிரேம் சரிந்தாலும் டெக்ஸ்ட் ராப்பில் (எழுத்து படத்தைச் சுற்றி ஓடும் அமைப்பில்) பவுண்டிங் பாக்ஸ் இருந்தால் எழுத்து பழைய நீள்சதுரத்தையே சுற்றும், ஆப்ஜெக்ட் ஷேப் என்று மாற்ற வேண்டும். இது தெரியாத காலத்தில் கோயில் மலர் ஒன்றில் வெள்ளை முக்கோணம் வைத்து மூலையை மறைத்தேன், பக்கத்துக்குப் பின்னணி நிறம் போட்டதும் அந்த முக்கோணம் பளிச்சென்று தெரிந்து, திருகோணமலை ஊர் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது!

பழைய வடிவம் வேண்டுமென்றால் ஆப்ஜெக்ட் மெனுவில் கன்வர்ட் ஷேப், ரெக்டாங்கிள்.