ஸ்னீக்கர் டிசைன் போட்டி: வரைகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: போட்டிக்காக வெள்ளை லெதர் ஷூவில் வரைந்தேன் அக்கா. இரண்டே நாளில் பெயின்ட் உரிகிறது. நல்ல அக்ரிலிக்தான் வாங்கினேன்.

பதில்: புது லெதர் ஷூவின் மேல் கம்பெனி ஒரு பூச்சு அடித்திருக்கும். அதை எடுக்காமல் வரைந்தால் வண்ணம் பூச்சின் மேல்தான் உட்காரும், லெதரைப் பிடிக்காது. பஞ்சில் அசிட்டோன் நனைத்து, பளபளப்பு போகும்வரை துடையுங்கள். சோலில் படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். சாதாரண அக்ரிலிக் காய்ந்தால் விறைத்து, கால் மடங்கும் இடத்தில் வெடிக்கும். ஏஞ்சலஸ் போல லெதருக்கென்றே வரும் பெயின்ட் வாங்குங்கள். மெல்லிய கோட்டிங்காக நாலைந்து முறை, ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில், வண்ணத்தைக் காக்கும் மேல்பூச்சான ஃபினிஷர். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள், அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

கேள்வி: கேன்வாஸ் ஷூவுக்கும் அசிட்டோன் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெயின்ட் துணியில் நன்றாகப் பிடிக்க உதவும் மீடியம் என்ற திரவத்தை அதோடு கலந்தால் போதும்.

கேள்வி: வேன்ஸ் ஷூ கம்பெனியின் கஸ்டம் கல்ச்சர் போட்டியில் நான் கலந்துகொள்ளலாமா? கல்லூரி முடித்துவிட்டேன்.

பதில்: 2010இல் அமெரிக்காவில் தொடங்கிய போட்டி உயர்நிலைப் பள்ளிகளுக்கானது. பரிசுப் பணம் பள்ளியின் ஓவிய வகுப்புக்குப் போகும். தனி ஓவியர்களுக்கான போட்டியைத் தேடுங்கள்.

கேள்வி: நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

பதில்: ஒரே எண்ணம் தெளிவாக இருக்கிறதா என்று. 2017இல் நைக்கி தன் ஏர் மேக்ஸ் ஷூவுக்கான டிசைன்களை வைத்து நடத்திய வாக்கெடுப்பில் ஷான் வொதர்ஸ்பூன் என்பவர் ஜெயித்தார். ஏர் மேக்ஸ் 97இன் மேல்பாகத்தை ஏர் மேக்ஸ் 1இன் சோலோடு சேர்த்து, முழுக்கக் கார்டுராய் துணியில் செய்திருந்தார். அடுத்த ஆண்டு மார்ச் 26இல் அது விற்பனைக்கே வந்தது. இரண்டு பழைய ஷூ மாடல், ஒரு துணி. பார்த்ததும் புரிகிறது. புலி, தாமரை, கோபுரம், உங்கள் பெயர் என்று எல்லாவற்றையும் ஒரே ஷூவில் அடைக்காதீர்கள்.

கேள்வி: நூறு பேர் சும்மா வரைந்து கொடுக்க, கம்பெனி ஒருவருக்கு மட்டும் பரிசு கொடுக்கிறது. இதற்கு ஏன் ஆள் சேர்க்கிறீர்கள்?

பதில்: இந்தக் கோபம் எனக்கும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டிக்கு அலை வடிவம் ஒன்றை அனுப்பினேன். பரிசு இல்லை. அடுத்த வருடம் அதே அலை அவர்களுடைய குழந்தைகள் ஷூவில் வந்தது. விதிமுறையைத் திரும்ப எடுத்துப் படித்தேன்: 'வரும் எல்லாப் படைப்பும் அமைப்பாளருக்கே சொந்தம்.' நான் சம்மதித்துத்தான் அனுப்பியிருந்தேன். அதனால்தான் சொல்கிறேன், பென்சிலை எடுக்கும் முன் விதிமுறையைப் படியுங்கள். ஜெயித்தவருடைய படைப்பை மட்டும் கேட்டால் சரி. தோற்றவருடையதையும் கேட்டால் அனுப்பாதீர்கள்.

கேள்வி: முந்தையவர் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோற்ற ஷூவின் படத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஆறு ஆர்டர் வந்தது.

பதில்: சந்தோஷம். ஆனால் அந்த ஆர்டர் உங்கள் படத்தைப் பார்த்து வந்தது, போட்டியால் அல்ல. போட்டி இல்லாமலும் அதே ஷூவை வரைந்து காட்டியிருக்கலாம். வேலைக்குக் கூலி உண்டா என்று அவர் கேட்பது நியாயம். முதல் சுற்றுக்கு ஓவியம் மட்டும் கேட்டு, தேர்வானவர்களுக்கு ஷூவும் பெயின்ட் செலவும் கொடுக்கிற போட்டி என்றால் நானே போவேன்.

கேள்வி: அனுப்பிய டிசைன் யாருக்குச் சொந்தம்?

பதில்: மேலே அலைக் கதையைப் படியுங்கள். இன்னொன்று: நம் 2000ஆம் ஆண்டு டிசைன்ஸ் சட்டப்படி பதிவு செய்ய நினைத்தால், டிசைன் வெளியே வரும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் முதலில் போடாதீர்கள்.

கேள்வி: விதிமுறை பன்னிரண்டு பக்கம் இருக்கிறது. படிக்கத்தான் வேண்டுமா?

பதில்: ஆமாம். பன்னிரண்டும்.

கேள்வி: பிரபல கார்ட்டூன் பொம்மையை வரையலாமா?

பதில்: கூடாது. உங்கள் கையில் பிறந்ததை வரையுங்கள்.

கேள்வி: லெதர் ஷூ, கடைசித் தேதிக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. முடியுமா?

பதில்: இன்றே துடைத்து முதல் கோட்டிங் போட்டால் முடியும். நாளை வரைந்து முடியுங்கள். மூன்றாம் நாள் காலை வெயிலில், நிழல் விழாத இடத்தில் படம் எடுங்கள். இரு பக்கம், முன், பின், மேல். ஐந்தும் வேண்டும்.