பம்ப் மாற்றியும் தீராத பெட்ரோல் கோளாறு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் பெட்ரோல் காருக்குப் பன்னிரண்டு வயது. கிளம்பி அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது. பிறகு மேடு ஏறும்போதோ வேகமெடுக்கும்போதோ இழுவை குறைந்து, திணறி, நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஃபில்டர் மாற்றியாகிவிட்டது. ஃபியூவல் பம்ப் இரண்டு முறை மாற்றினோம். ஒவ்வொரு முறையும் சில மாதம் சரியாக ஓடி, மறுபடி அதே கதை. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடுகிறது. அடுத்து எதை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். புதுப் பம்ப் சில மாதத்தில் மறுபடி சிக்கல் தருகிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பம்பைக் கெடுக்கும் காரணம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அதை நீக்காதவரை எத்தனை பம்ப் போட்டாலும் கெடும். இல்லையென்றால் பம்ப் கெடவே இல்லை; கழற்றி மாட்டியதில் ஒரு கனெக்டர் இறுகியது, பம்பின் வாயில் உள்ள வலையில் படிந்த அழுக்கு கலைந்தது, கொஞ்ச நாள் தொல்லை இல்லாமல் போனது. எது உண்மை என்பதை அளவு எடுத்துத்தான் சொல்ல முடியும். அந்த அளவையும் வண்டி திணறும் நேரத்தில் எடுக்க வேண்டும். பட்டறையில் நன்றாக ஓடும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

முதலில் குறை பெட்ரோலிலா, ஸ்பார்க்கிலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். என்ஜின் சுழல்வதைக் கவனித்துச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் மக்கர் செய்தால் என்ஜின் சாவியை அணைத்த மாதிரி சட்டென்று நிற்கும்; அதன்பின் செல்ஃப் அடிக்கும்போது பல வண்டிகளில் ஆர்பிஎம் முள் அசையாது. உங்கள் வண்டி இழுவை குறைந்து, திணறி, அப்புறம்தான் நிற்கிறது. பெட்ரோல் போதாமல் போகும்போதுதான் பெரும்பாலும் இப்படி நடக்கும்.

அடுத்த முறை நின்றதும் பத்து நிமிடம் சும்மா காத்திருக்காதீர்கள். துப்பு கிடைப்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான். வண்டியைப் பத்திரமான ஓரத்தில் நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடி, பம்ப் உறிஞ்ச முடியாமல் திணறும். மூடியின் வால்வு, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டர், அதற்குக் காற்று தரும் ஹோஸ் ஆகிய மூன்றையும் பாருங்கள். அந்த ஹோஸில் தூசியும் பூச்சிக்கூடும் அடைப்பது சகஜம். காற்று வெளியே வரும் சத்தம் கேட்டால் அது வெயிலில் பெட்ரோல் ஆவியானதன் அழுத்தம். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூடி திறந்தும் பலன் இல்லையென்றால் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பிக் காது கொடுங்கள். டேங்க் பக்கமிருந்து 2, 3 வினாடி பம்ப் முனகும் சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் பம்புக்கு மின்சாரம் தரும் ரிலேயைச் சந்தேகியுங்கள். ரிலேக்குள் விரிசல் விட்ட சால்டர் சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அதே பின் அமைப்பும் அதே எண்ணும் உள்ள ஹாரன் ரிலேயை அங்கே மாற்றிப் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

பம்ப் முனகியும் வண்டி ஓடவில்லை என்றால் பிரஷர் கேஜ் தேவை. பாதையைத் திறப்பதற்கு முன் என்ஜின் ஆறியிருக்கட்டும். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, என்ஜினை ஓடவிட்டு அது தானாக நின்றபின், இன்னும் சில வினாடி செல்ஃப் அடித்தால் பாதையில் உள்ள அழுத்தம் இறங்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். பக்கத்தில் ஹீட்டரோ சூடான பல்போ இருக்கவே கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்து தரும் குழாய்க்கு ரயில் என்று பெயர். அந்த ரயிலில் சோதனை முனை இருந்தால் கேஜை அதில் மாட்டலாம். இல்லையென்றால் டி வடிவ இணைப்பு வேண்டும். கசிவு இல்லை என்று உறுதிசெய்தபின் கேஜைப் பானட்டின் பின்விளிம்பு வழியாக வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் டேப் போட்டு ஒட்டி, வண்டியை ஓட்டுங்கள். பெட்ரோல் ஹோஸைக் காருக்குள் கொண்டுவரவே கூடாது. முள்ளைப் பார்க்க இன்னொருவர் உடன் வர வேண்டும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே உள்ள வண்டிகளில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை இருக்கும், மேட்டிலும் அது அசையக் கூடாது. ரிட்டர்ன் குழாய் உள்ள பழைய வகையில் ஐடிலில் ஏறக்குறைய 2.5 பார், ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைப் பிடுங்கினால் 3 பார். உங்கள் வண்டிக்குரிய சரியான எண்ணைப் பட்டறைக் கையேட்டில் பாருங்கள். திணறும்போது முள் இறங்கினால் குறை பெட்ரோல் வரும் வழியில்தான். முள் அசையாமல் நின்றும் வண்டி திணறினால் ஃபியூவல் பம்பை விட்டுவிட்டு சென்சார், ஸ்பார்க் பக்கம் போங்கள்.

முள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பம்பைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். பம்ப் கனெக்டரில், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட் அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி வைத்து அளந்தால் ஒரே ஒரு இழை மிஞ்சிய வயர்கூட 12 வோல்ட் காட்டும். இந்த ஏமாற்றத்தில் எத்தனையோ நல்ல பம்புகள் குப்பைக்குப் போயிருக்கின்றன. பேட்டரி பிளஸ்ஸுக்கும் பம்பின் பிளஸ்ஸுக்கும் இடையே இழப்பு 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எர்த் பக்கம் 0.2 வோல்ட் போதும். எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தால் இங்கேயே பிடிபடும். பம்பின் வேகத்தைத் தனிக் கன்ட்ரோலர் மாற்றும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கூடவே ஆம்பியரும் பாருங்கள். இந்த வகைப் பம்புகள் பெரும்பாலும் 4 முதல் 7 ஆம்பியர் வரை இழுக்கும். வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பம்புக்கு அப்புறம் அடைப்பு, அல்லது பம்ப் இறுகுகிறது. ஆம்பியர் குறைந்து நடுங்கினால் பம்ப் மோட்டாரின் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து குறைந்தால் வயரிங் பக்கம் பாருங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றுவது டேங்குக்குள் உள்ள அழுக்கு. பம்பின் வாயில் இருக்கும் வலை, ஓட ஓட அழுக்கை இழுத்து மேலே போர்த்திக்கொள்கிறது. வண்டி நின்று உறிஞ்சல் இல்லாமல் போனதும் அழுக்கு கீழே உதிர்கிறது. பத்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட். புதுப் பம்போடு புது வலை போட்டால் சில மாதம் தாங்கும், அப்புறம் அதுவும் அடைக்கும். டேங்கின் கடைசி ஒரு லிட்டரை, பெட்ரோல் தாங்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் துருப்பொடியோ, தனியாகப் பிரிந்த தண்ணீரோ தெரிந்தால் டேங்கை இறக்கிச் சுத்தம் செய்யாமல் இது தீராது. எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோல் ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணீர்வரை தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும்; அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கும். இரும்பு டேங்க் துருப்பிடிப்பது அங்கிருந்துதான்.

இன்னொரு இடத்தையும் யாரும் பார்ப்பதில்லை. டேங்குக்குள் பம்பிலிருந்து மேல்மூடிக்குப் போகும் சிறிய ஹோஸ். பம்ப் மாற்றும்போது சாதாரண ரப்பர் ஹோஸை வெட்டிப் போட்டிருந்தால், பெட்ரோலில் ஊறி உப்பி, சூட்டில் தளர்ந்து வெடிக்கும். கசிவு டேங்குக்குள்ளேயே நடப்பதால் வாடையும் வராது, சொட்டும் தெரியாது. பம்ப் நன்றாக முனகும், ரயிலில் மட்டும் அழுத்தம் இருக்காது. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் இன்ஜெக்ஷன் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் அதை மூழ்கவைக்கக் கூடாது. டேங்குக்குள் ஆர்10 வகைதான் போட வேண்டும். மேல்மூடி கனெக்டரில் பின் கருகியிருந்தால் ஆண், பெண் இரண்டு பாதியையும் மாற்றுங்கள். கருகிய பாதி புதுப் பாதியையும் கருக்கிவிடும்.

கேள்வி: காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஓட்டிவிட்டு அரை மணி நேரம் நிறுத்தி மறுபடி எடுத்தால் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: நிறுத்தியபின் ரயிலில் அழுத்தம் தங்கவில்லை, என்ஜின் சூட்டில் ரயிலில் உள்ள பெட்ரோல் குமிழியாகிவிடுகிறது. உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. செல்ஃப் அடிக்காமல் சாவியை மூன்று முறை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் பம்ப் முனகி ஓயும்வரை பொறுங்கள். பிறகு உடனே ஸ்டார்ட் ஆனால் ஊகம் சரி.

கேஜ் மாட்டி, என்ஜினை அணைத்து 5 நிமிடம் பாருங்கள். அரை பாருக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. மறுபடி அழுத்தம் ஏற்றி, அணைத்தவுடன் டேங்கிலிருந்து வரும் குழாயை அடைத்துவிடுங்கள். முள் நின்றுவிட்டால், பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வுதான் கசிகிறது. டேங்குக்குள் ரெகுலேட்டர் உள்ள வண்டியில் அதுவும் இதே பக்கம்தான். அப்போதும் இறங்கினால் இன்ஜெக்டர் சொட்டுகிறது, அல்லது ரிட்டர்ன் வகையில் ரெகுலேட்டர் விடுகிறது. ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் அதன் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, வேறு சோதனை வேண்டாம். ரப்பர் ஹோஸை மட்டும் கிளாம்ப் போட்டு நெரிக்கலாம். பிளாஸ்டிக் குழாயை நெரித்தால் விரிசல் விடும். அதற்கு வால்வு வைத்த இணைப்பு கிடைக்கிறது. இன்ஜெக்டர் சொட்டுவதாக இருந்தால் ஆயில் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், இன்ஜெக்டரைச் சரிசெய்து ஆயிலையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: பெட்ரோல் நிரப்பியவுடன் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. இன்ஜெக்டர் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: இன்ஜெக்டர் அழுக்காக இருந்தால் நிரப்பிய நேரம் பார்த்தா படுத்தும்? கேனிஸ்டரில் உள்ள ஆவியை என்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வைப் பாருங்கள். அது மூடாமல் திறந்தே நின்றால், நிரப்பும்போது எழும் ஆவி முழுவதும் என்ஜினுக்குள் போய் காற்றோடு கலக்கும் மிக்ஸ்சரில் பெட்ரோல் கூடிவிடும். என்ஜினை ஐடிலில் விட்டு, வால்வின் கனெக்டரைக் கழற்றி, கேனிஸ்டர் பக்கத்து ஹோஸையும் பிடுங்கி வால்வு முனையில் விரல் வையுங்கள். மின்சாரம் இல்லாதபோது உறிஞ்சல் இருக்கவே கூடாது. நிரப்பும் துப்பாக்கி தானாக நின்றபின்னும் விடாமல் ஊற்றும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போனால் கரி பாழாகும். வால்வு மாற்றும்வரை, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் தெளிப்பது நின்று, தேங்கிய ஆவி வெளியேறும்.

கேள்வி: ஸ்கேனரில் பி0171 என்று வருகிறது. ஆக்சிஜன் சென்சார் மாற்றியும் அதே கோடு திரும்பி வந்தது.

பதில்: மிக்ஸ்சரில் பெட்ரோல் குறைவு என்று அந்த சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. என்ஜின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃபியூவல் டிரிம் எண்களை ஸ்கேனரில் பாருங்கள். ஐடிலில் +20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் எங்கோ வேக்கம் கசிவு. இன்டேக் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ் ஆகியவற்றைத் தேடுங்கள். ஐடிலில் சரியாக இருந்து மேடு ஏறும்போது எண் உயர்ந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்காகிக் காற்றைக் குறைத்துச் சொல்கிறது. அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் அதைச் சுத்தம் செய்து பார்ப்பது சுலபம், முதலில் அதைச் செய்யுங்கள். பிறகும் மாறாவிட்டால் மேலே சொன்ன பிரஷர் சோதனைதான்.

கேள்வி: காமன்ரயில் டீசல் கார். இரவு முழுக்க நிறுத்தினால் காலையில் அரை நிமிடம் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது. குளோ பிளக் நான்கும் புதிது.

பதில்: செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா? வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஸ்டார்ட் ஆவதற்குச் சூடேற்றித் தரும் குளோ பிளக்கின் ரிலே, கம்ப்ரஷன் பக்கம் பார்க்கலாம். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. பெரும்பாலும் ஏர் பிடித்திருக்கும். ஒரு நாள் இரவு வண்டியின் மூக்கு தாழ்வாக, டேங்க் உயரமாக இருக்கும் சரிவில் நிறுத்திப் பாருங்கள். காலையில் சட்டென்று எடுத்தால், இரவில் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குகிறது என்று அர்த்தம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸ் ஒரு துண்டு போட்டால் குமிழி கண்ணுக்குத் தெரியும். ஃபில்டர் மாற்றியபோது மடங்கிய ஓ-ரிங், கையால் அமுக்கி டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமர், சொருகும் இணைப்புகளின் சீல் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். பம்ப் உறிஞ்சி இழுக்கும் பாதை என்பதால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். காய்ந்த ஹோஸைப் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள்.

ஏர் இல்லையென்றால் ஸ்கேனரில் செல்ஃப் நேரத்து ரயில் அழுத்தத்தைப் பாருங்கள். 150 முதல் 250 பாருக்குள், வண்டிக்கு வண்டி மாறும் ஓர் அளவைத் தொட்டால்தான் இன்ஜெக்டர் தெளிக்கும். தொடவில்லை என்றால் நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனிக் குப்பியில் பிடியுங்கள். ஒன்றில் மட்டும் பல மடங்கு நிரம்பினால் அழுத்தம் அங்கேதான் போகிறது. நான்கும் சமமாக, குறைவாக இருந்தால் பம்பின் கன்ட்ரோல் வால்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஏர் எடுக்கிறேன் என்று உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிக்க யாரையும் விடாதீர்கள். ஓடும்போது அங்கே ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும். ஊசி முனையளவு பீச்சலும் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும், டீசல் உள்ளே போயிருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.