மகன் ஏசி வேலை பழகட்டுமா, ‘பசுமைத் தொழில்’ படிக்கட்டுமா?

கேள்வி: நாங்கள் மூதூரில் வசிக்கிறோம். கணவர் கடற்றொழில் செய்கிறார். மகன் க.பொ.த. சாதாரண தரம் எழுதிவிட்டான். மேலே உயர்தரம் படிக்க அவனுக்கு விருப்பமில்லை, கைவேலையில்தான் ஆர்வம். குளிர்சாதனப் பெட்டி, ஏசி திருத்தும் பயிற்சிநெறியில் சேர்க்க நினைத்திருந்தோம். இப்போது ஒரு தனியார் நிலையம் ‘பசுமைத் தொழில், நிலைபேறான அபிவிருத்தி’ என்று விளம்பரம் செய்து, ஆறு வாரச் சூரியமின் சான்றிதழுக்குப் பெருந்தொகை கேட்கிறது. சம்பூரில் சூரியமின் நிலையம் வருவதால் வேலை நிச்சயம் என்கிறார்கள். ஏசி வேலை சுற்றாடலுக்குக் கேடு, அதற்கு எதிர்காலம் இல்லை என்றும் அங்கே சொன்னார்கள். எதை நம்புவது? மகள் அடுத்த வருடம் பரீட்சை எழுதுகிறாள். அவளுக்கு மின்வேலை பழக ஆசை. அதையும் சொல்லுங்கள்.

பதில்: மகனை நீங்கள் முதலில் நினைத்த குளிரூட்டல், வளிச்சீராக்கல் பயிற்சிநெறியிலேயே சேருங்கள், ஆனால் அது தேசிய தொழிற் தகைமையின் 4ஆம் மட்டம் வரை செல்லும் முழுமையான பயிற்சிநெறியாக இருக்கவேண்டும். அந்தத் தொழிலுக்கு எதிர்காலம் இல்லை என்று சொன்னவர்கள், தொழிலை அறிந்து சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகளாகப் பயிற்சிப் பட்டறைகளில் நின்றவன் என்ற முறையில், இதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நிலைபேறான அபிவிருத்தி என்பது, இன்றைய தேவையை நிறைவேற்றும்போது வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு செய்யாத வளர்ச்சி என்று 1987இல் ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழு ஒன்று வரையறுத்தது. 2015இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பதினேழு இலக்குகளில் நான்காவதான கல்வி இலக்கு, தரமான தொழிற்கல்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகக் கிடைக்கவேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. தொழிற்கல்விக்கு அங்கே இடம் கொடுக்கப்பட்டதற்கு எளிய காரணம் உண்டு. எரிசக்தியை மிச்சப்படுத்துவது பற்றியும் கழிவைக் குறைப்பது பற்றியும் அரசுகள் எத்தனை ஒப்பந்தங்களில் ஒப்பமிட்டாலும், கடைசியில் ஒரு வீட்டின் கூரையிலோ படகின் பின்புறத்திலோ திருகுசாவியைப் பிடித்திருப்பவரின் கைப்பழக்கமே அவற்றை நிறைவேற்றுகிறது, அல்லது கெடுக்கிறது. ஏசி வேலை இதற்கு மிகச் சிறந்த உதாரணம்.

பழைய ஏசிகளில் குளிரூட்டுவதற்காக அடைக்கப்பட்டிருக்கும் ஆர்-22 வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், அது புவியைச் சூடாக்கும் அளவு ஏறத்தாழ 1,800 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். சுமார் 780 லீற்றர் பெற்றோலை எரித்தால் வெளியாகும் அளவு அது. இதே வாயு ஓசோன் படலத்தையும் தாக்குகிறது. அதன் பின்னர் வந்த ஆர்-410ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் வெப்பத்தை ஆர்-22ஐ விடவும் சற்று அதிகமாகவே கூட்டுகிறது. இப்போது கடைகளில் விற்கப்படும் ஆர்-32இன் பாதிப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. ஆனால் அது ஓரளவு தீப்பற்றக்கூடியது. சில குளிர்சாதனப் பெட்டிகளில் இருக்கும் ஐசோபியூட்டேனும், சிறிய ஏசிகளுக்கு வந்துகொண்டிருக்கும் புரொப்பேனும் சூழலை மிகக் குறைவாகவே பாதிக்கும் என்றாலும், இரண்டும் நன்றாகவே தீப்பற்றும்.

ஓசோன் படலத்தைக் காப்பதற்கான 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்முக நாடுகள் 2030இல் ஆர்-22 வகை வாயுக்களை, திருத்த வேலைக்கான மிகச் சிறு அளவு தவிர, கைவிட்டிருக்கவேண்டும். 2016இல் அதனோடு சேர்க்கப்பட்ட கிகாலி திருத்தத்தின் கீழ், இலங்கை அடங்கும் நாடுகளின் தொகுதி ஆர்-410ஏ போன்ற வாயுக்களின் பாவனையை 2024இல் மேலும் கூடவிடாமல் நிறுத்தி, 2045க்குள் 80 சதவீதம் குறைக்கவேண்டும். இவற்றையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் மகன் வேலை செய்யப்போகும் வருடங்களில் பெரும்பகுதி இந்த மாற்றத்தின் வருடங்களே. இப்போது சுவர்களில் தொங்கும் இயந்திரங்களின் வாயுவைக் காற்றில் விடாமல் மீட்டெடுத்து, தீப்பற்றும் புதிய வாயுக்களைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிந்த ஆட்கள் நமக்குப் போதுமான அளவில் இல்லை. சுற்றாடலுக்குக் கேடு விளைவிக்கும் தொழில் என்று சொல்லி நல்ல பிள்ளைகளை அதிலிருந்து விலக்கினால், அந்த வாயுவெல்லாம் வானத்துக்குத்தான் போகும்.

ஏனென்றால் பயிற்சியில்லாத கை செய்வது இதுதான்: குழாயைத் திறந்து எஞ்சிய வாயுவை ‘உஸ்’ என்று வெளியே விட்டுவிட்டு, கசிவு எங்கே என்று தேடாமல், புதிய வாயுவை அளவுமானியைப் பார்த்து ஏறக்குறைய நிரப்பிவிட்டுப் போவது. மூன்று மாதத்தில் அதே வீட்டிலிருந்து மறுபடியும் அழைப்பு வரும். முறையாகப் பழகியவர் வாயுவை மீட்பு இயந்திரத்தால் உருளையில் சேமிப்பார். நைதரசன் வாயுவை அழுத்தத்தில் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடிப்பார். வெற்றிடப் பம்பினால் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகே, தராசில் நிறுத்துப் புதிய வாயுவை ஏற்றுவார். ஈரம் உள்ளே தங்கினால் கம்பிரசரின் எண்ணெய் அமிலமாகி இயந்திரத்தையே அரித்துவிடும். வாயு குறைந்தாலும் கூடினாலும் மின்கட்டணம் ஏறும். திருகோணமலையில் இன்னொன்றும் உண்டு. கடற்கரையோரம் வெளியே பொருத்தப்பட்ட, வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகளை உப்புக் காற்று சில வருடங்களிலேயே பொடியாக்கிவிடுகிறது. நல்ல தண்ணீரால் கழுவிப் பேணத் தெரிந்தவர் அந்த இயந்திரத்தின் ஆயுளை நீட்டுகிறார். ஓர் இயந்திரம் நான்கு வருடம் கூடுதலாக உழைத்தால், குப்பைமேட்டுக்குப் போகும் இரும்பும் செம்பும் அந்த அளவுக்குப் பிந்துகின்றன. இதை எந்த விளம்பரமும் பசுமைத் தொழில் என்று சொல்வதில்லை.

வேலைக்கு நம் மாவட்டத்தில் குறைவிருக்காது. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளை மட்டும் நினைக்கவேண்டாம். ஐஸ் தொழிற்சாலை, மீன் குளிரறை, வைத்தியசாலையில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி, மருந்தகம், பாற்பொருள் கடை எல்லாம் இந்தத் தொழிலில் தங்கியிருப்பவை. நம் வெப்பத்தில் மீனுக்குச் சம எடை ஐஸ் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஐஸ் கிடைக்காத நாளில் பிடித்த மீன் என்ன விலைக்குப் போகும் என்பதை உங்கள் கணவரைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார். கரைக்கு வந்த மீன் கெடாமல் சந்தையைச் சேர்ந்தால், அதே வருமானத்துக்குக் கடலிலிருந்து அத்தனை மீனை எடுக்கவேண்டியதில்லை.

இனிச் சூரியமின். அந்தத் தொழில் வளரும் என்பதில் ஐயமில்லை. ஒரு காலத்தில் நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கென்று குறிக்கப்பட்டிருந்த சம்பூரில், இலங்கை–இந்தியக் கூட்டு முயற்சியாக 120 மெகாவாற்று சூரியமின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது உண்மை. ஆனால் இத்தகைய பெரிய நிலையங்களில் கட்டுமானக் காலத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தாலும், கட்டி முடிந்த பின்னர் பராமரிப்புக்குச் சிலரே போதும். நிலையான வேலை வீடுகள், கடைகள், பள்ளிகள் ஆகியவற்றின் கூரைகளில் இருக்கிறது. அந்த வேலைக்கு அடிப்படை மின்னியல் அறிவு வேண்டும். தொடராக இணைத்த சூரியத் தகடுகள் சில நூறு வோல்ற்று நேர்மின்னோட்டத்தைத் தருகின்றன. வெயில் இருக்கும் வரை அதை அணைத்துவிட முடியாது. புவித்தொடுப்பும் பொருத்து முனைகளும் சரியில்லாவிட்டால் கூரையே எரியக்கூடும். ஆறு வாரத்தில் தகட்டைத் தூக்கிப் பொருத்தப் பழகலாம். பழுது கண்டுபிடிக்கப் பழக முடியாது. மகன் குளிரூட்டலில் மின்சுற்றும் கட்டுப்பாடும் படித்த பின்னர், விரும்பினால் சூரியமின்னைக் குறுகியகாலப் பயிற்சியாகச் சேர்த்துக்கொள்ளட்டும். அந்த வரிசை நல்லது.

அந்த நிலையத்தைப் பற்றி நீங்கள் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, நிறுவனங்களைப் பதிவு செய்கிறது. பயிற்சிநெறிகளுக்குத் தனித்தனியே அங்கீகாரம் அளிக்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு. பதிவு பெற்ற நிறுவனத்தில் அங்கீகாரம் இல்லாத பயிற்சிநெறியும் நடக்கலாம். அதை முடித்தவருக்கு நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ்தான் கிடைக்கும், தேசிய தொழிற் தகைமை கிடைக்காது. வாசலில் பதிவு இலக்கத்தைப் பெரிதாக எழுதிவைத்திருந்த ஓர் இடத்தில், வெளிநாடு செல்ல ஆவணம் கேட்டபோதுதான் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு தெரியவந்ததை நானே பார்த்திருக்கிறேன். கட்டிய பணம் திரும்பவில்லை, வீணாய்ப்போன வருடமும் திரும்பவில்லை. ஆகவே, “இந்தப் பயிற்சிநெறிக்கு எந்த மட்டத்தில் அங்கீகாரம், அது எத்திகதி வரை செல்லும்?” என்று கேளுங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ். நான்காவது மட்டத்தில் பிறர் மேற்பார்வையின்றி முழுவேலையையும் செய்யக்கூடிய தொழிலாளி. 5, 6 டிப்ளோமாக்கள்; 7 பட்டம், அதற்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் ஒன்று இரத்மலானையில் அமைந்தது. சாதாரண தரத்தோடு நிறுத்தும் பிள்ளைக்குக் கல்வியின் கதவு மூடிவிட்டது என்று உறவினர் யாராவது வருந்தினால், இந்த ஏணியை எடுத்துச் சொல்லுங்கள்.

திருகோணமலையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும், தொழிற்கூடங்களில் வைத்தே பழக்கும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும் உண்டு. எங்கே எந்த மட்டம் இவ்வருடம் நடக்கிறது என்பதை உங்கள் பிரதேச செயலகத்தின் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டால் போதும். தனியாருக்குப் பணம் கட்டும் முன் அரச நிலையங்களின் கட்டணத்தைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். படகின் வெளியிணைப்பு இயந்திரத்தைத் தானே பிரித்துப் பூட்டும் கடற்றொழிலாளர் நம் கரையில் பலர். 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தபோது, ஒரு போத்தல் எரிபொருளில் எத்தனை தூரம் ஓடலாம் என்பது எல்லாருக்கும் பெரிய கேள்வியானது. காபரேற்றரும் பிளக்கும் சரியாக இருக்கும் இயந்திரம் குறைவாகவே குடிக்கிறது, கடலில் எண்ணெயும் குறைவாகவே படிகிறது. உங்கள் கணவருக்கு அந்தக் கைத்திறன் இருந்தால், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டித் தகைமை பெறலாம். பதினெட்டு வருடம் விடுதிகளில் வேலை செய்த ஒருவர் இப்படி 4ஆம் மட்டம் பெற்று, இப்போது தானே இளைஞர்களைப் பழக்குகிறார். தன் கையில் இருந்ததற்கு ஒரு பெயர் உண்டு என்று அந்தத் தாளை வாங்கிய நாளில் அவர் சொன்னது என் மனதில் நிற்கிறது.

மகளின் ஆசையைத் தடுக்கவேண்டாம். மின்வேலையில் பெண்களுக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை; தடைகள் பெரும்பாலும் பயணத்திலும் பட்டறையின் சூழலிலும் இருக்கின்றன, அவற்றைத்தான் பார்க்கவேண்டும். மூதூரிலிருந்து தினமும் போய்வர முடியுமா, மாலை வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உடைமாற்றும் இடமும் உண்டா, வேலைத்தளப் பயிற்சிக்கு அவளை எங்கே அனுப்புவார்கள், அங்கே முன்னர் பெண்கள் பயின்றிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஒரு வீட்டில் ஆண்கள் கடலுக்குப் போயிருக்கும் பகல் வேளையில் மின்பழுது பார்க்கவும் கூரைத் தகட்டைப் பரிசோதிக்கவும் ஒரு பெண் வந்தால், உள்ளே அழைக்கத் தயங்காத குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

விண்ணப்பம் கொடுக்கும் முன் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, வகுப்பு நடக்கும் ஒரு நாளில் பட்டறைக்குப் போங்கள். வாயு மீட்கும் இயந்திரமும் வெற்றிடப் பம்பும் தராசும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால், அவற்றின் மேல் தூசி படிந்திருக்கிறதா, கைபட்டுத் தேய்ந்திருக்கின்றனவா என்று மகன் பார்க்கட்டும்.