கிடங்கின் வாசலில் நிற்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2023 ஜூனில் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை கலகம் செய்து மாஸ்கோவை நோக்கிக் கிளம்பியதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அணு ஆயுதங்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. எனக்கோ அன்றிலிருந்து இருக்கும் பயமே அதுதான். மூன்று கேள்விகள். ஒரு கலகப்படை அணு ஆயுதத் தளம் ஒன்றைப் பிடித்துவிட்டால் சில மணி நேரத்தில் அவற்றை ஏவிவிட முடியுமா? அப்படி ஒரு நிலை வந்தால் மற்ற வல்லரசுகள் உள்ளே புகுந்து குண்டுகளைக் கைப்பற்றிவிடுவதே நல்லது என்கிறார் என் நண்பர். அது சரியா? அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், எங்களைப் போன்றவர்கள் எதைக் கவனித்து ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்வது?

முகிலன்

*

அன்புள்ள முகிலன்,

முதல் கேள்விக்குப் பதில்: முடியாது. சில மணி நேரத்தில் நிச்சயமாக முடியாது. ஆனால் ஏன் முடியாது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பது தெரியும். ஆகவே அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிடும் சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். ஜூன் 24 காலை வாக்னர் தலைவர் பிரிகோஷினின் ஆட்கள் தோன் நதிக்கரையிலுள்ள ரஸ்தோவ் நகரில் ரஷ்யாவின் தென் ராணுவ மாவட்டத் தலைமையகத்தைப் பிடித்தார்கள். இன்னொரு பிரிவு எம்-4 நெடுஞ்சாலையில் வொரோனெஷ் வழியாக வடக்கே போனது. மாஸ்கோவுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் இருக்கும்போது பெலாரஸ் அதிபர் லுகஷென்கோவின் சமரசத்தில் திரும்பியது. இடையில் ஒரு சிறு பிரிவு நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பியது. அந்தத் திசையில் இருப்பது வொரோனெஷ்-45 என்ற அணு ஆயுதக் கிடங்கு. வாக்னர் ஆட்கள் அதன் வாசல் வரை போனார்கள் என்றார் உக்ரைன் ராணுவ உளவுத்துறைத் தலைவர் புதானோவ். அதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. குண்டுகள் ஆபத்தில் இருந்ததாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்றது அமெரிக்கா.

வாசல் வரை போனார்கள் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன இருக்கும்? நெடுந்தூர ஏவுகணைகள் அங்கே இல்லை. அவை நிலத்தடிக் குழிகளிலும் லாரிகளிலும் நீர்மூழ்கிகளிலும் குண்டு பொருத்திய நிலையில், வேறு படைகளின் கையில் இருக்கின்றன. இதுபோன்ற மையக் கிடங்குகள் ரஷ்யாவில் சுமார் ஒரு டஜன். போர்க்களத்துக்கான சிறிய அணுகுண்டுகள், அவற்றைச் சுமக்கும் ஏவுகணைகளிலிருந்தும் விமானங்களிலிருந்தும் கழற்றப்பட்டு அங்கே வைக்கப்பட்டிருக்கும். காவல் பொறுப்பு, பாதுகாப்பு அமைச்சகத்தின் 12வது முதன்மை இயக்ககத்திடம். குண்டைக் கையாள்வதும் கொண்டுபோவதும் பராமரிப்பதும் அவர்கள் வேலை. ஏவுவது வேறொரு படையின் வேலை. உத்தரவு வரவேண்டிய இடம் மூன்றாவது.

கலகப்படை கதவை உடைத்து உள்ளே போனாலும் கையில் கிடைப்பது ஒரு உலோகப் பொருள்தான். அதைத் தூக்கத் தனிக் கருவிகள் வேண்டும். பொருந்தக்கூடிய ஏவுகணையோ விமானமோ வேண்டும். பொருத்தத் தெரிந்த ஆள் வேண்டும். பிறகு பூட்டைத் திறக்க சங்கேத எண் வேண்டும். ஐரோப்பாவில் வைத்திருந்த அமெரிக்க அணு ஆயுதங்களுக்கு இந்த மின்பூட்டைப் பொருத்தும்படி 1962 ஜூனில் கென்னடி உத்தரவிட்டார். பின்னால் வந்த வகைகளில், சில முறை தவறான எண்ணைப் போட்டால் குண்டு தன்னைத்தானே முடக்கிக்கொள்ளும். சோவியத் யூனியனும் தன் வழியில் இத்தகைய ஏற்பாடுகளைச் செய்துகொண்டது.

ஆனால் பூட்டு கொடுப்பது கால அவகாசம் மட்டும்தான். உரிமையாளர் திரும்பி வந்து குண்டை மீட்கும்வரை அது தாங்கவேண்டும், அதற்காகத்தான் செய்யப்பட்டது. மாதக்கணக்கில் ஒரு குண்டு கையில் இருந்து, விஷயம் தெரிந்தவர்களும் கூட இருந்தால் எந்தப் பூட்டும் போதாது. வெடிக்க வைக்க முடியாவிட்டாலும் உள்ளே இருக்கும் புளூட்டோனியமும் செறிவூட்டப்பட்ட யுரேனியமும் எங்கும் போய்விடாது. ஆகவே மணிக்கணக்கில் முடிந்த கலகத்தைவிட, வாரக்கணக்கில் இழுத்து உள்நாட்டுப் போராக மாறும் கலகம் பல மடங்கு கொடியது.

பூட்டையும் மதிலையும் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி: காவலில் நிற்கும் அதிகாரி யாருடைய உத்தரவை ஏற்பார்? இரண்டு பேர் தொலைபேசியில் அழைத்து, இருவருமே நான்தான் அரசாங்கம் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? இந்தக் கேள்வி ஒருமுறை உலகின் மிகப்பெரிய அணு ஆயுதக் குவியலின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

1991 ஆகஸ்ட் 18. சோவியத் அதிபர் கோர்பச்சேவ் கிரிமியாவில் ஃபோரோஸ் விடுமுறை மாளிகையில் இருந்தார். மாலையில் எல்லாத் தொலைபேசிகளும் துண்டிக்கப்பட்டன. அணு ஆயுதங்களை ஏவ அனுமதி கொடுப்பதற்காக அவரோடு எப்போதும் இருக்கும் அணு ஆயுதப் பெட்டியின் தொடர்பும் அறுந்தது. அதைச் சுமந்த அதிகாரிகள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். பெட்டி மாஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டது. அப்படிப்பட்ட பெட்டிகள் மொத்தம் மூன்று. மற்ற இரண்டில் ஒன்று ராணுவத் தலைமைத் தளபதி மொய்செயெவிடம், இன்னொன்று பாதுகாப்பு அமைச்சர் யாசோவிடம். கோர்பச்சேவைக் கவிழ்க்க முயன்ற கலகக் குழுவின் எட்டுப் பேரில் யாசோவும் ஒருவர்! மூன்று நாட்கள், 25,000-க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் இருந்த ஒரு நாட்டில், சட்டப்படி உத்தரவிட வேண்டியவர் வீட்டுச் சிறையில் இருந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை என்று இதை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். நடக்காததற்குக் காரணம் இயந்திரங்கள் மட்டுமல்ல. விமானப்படைத் தளபதி ஷாபோஷ்னிகோவ் கலகத்தை ஏற்கவில்லை. படைகளின் உச்சியில் இருந்த வேறு சிலரும் ஒத்துழைக்காமல் நின்றார்கள். அங்கே வேறு சிலர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இப்படி நாலைந்து மனிதர்களின் குணத்தை நம்பி உலகம் இருந்தது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றைக்கும் பதற்றமாகத்தான் இருக்கிறது.

2016 ஜூலை 15 இரவு துருக்கியில் நடந்த ராணுவக் கலகத்தையும் சேர்த்துப் பாருங்கள். துருக்கியிடம் சொந்த அணு ஆயுதம் இல்லை. ஆனால் இன்ஜிர்லிக் விமானதளத்தின் நிலத்தடிப் பெட்டகங்களில் அமெரிக்காவின் பி-61 குண்டுகள் சுமார் 50 இருந்ததாக நிபுணர்களின் மதிப்பீடு. கலகக்காரர்களின் போர் விமானங்களுக்கு நடுவானில் எரிபொருள் நிரப்பிய விமானங்கள் அந்தத் தளத்திலிருந்துதான் கிளம்பின. தளத்தின் துருக்கியத் தளபதி கைதானார். வெளி மின்சாரம் துண்டிக்கப்பட்டு, ஏறக்குறைய ஒரு வாரம் தளம் ஜெனரேட்டரில் ஓடியது. குண்டுகளை யாரும் தொடவில்லை. ஆனால் மதிலுக்கு உள்ளே இருந்த தளபதியே கலகத்தில் சம்பந்தப்பட்டவராகக் கருதப்படும்போது மதிலின் உயரத்தால் என்ன பயன்?

பெரிய கலகம்தான் ஆபத்து என்பதும் இல்லை. 1998 செப்டம்பரில் மூர்மன்ஸ்க் அருகே ஒரு தளத்தில் நின்ற ரஷ்ய அணுசக்தி நீர்மூழ்கிக்குள் 19 வயது மாலுமி ஒருவன் சக வீரர்கள் எட்டுப் பேரைக் கொன்றுவிட்டு டார்பிடோ அறையில் கதவைச் சாத்திக்கொண்டான். கப்பலை வெடிக்க வைப்பேன் என்றான். அவன் சாகும்வரை பல மணி நேரம் அந்த மிரட்டல் நீடித்தது. ரூபிள் சரிந்து, ராணுவத்துக்குச் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்த காலம் அது. அணு ஆயுதக் காவல் என்பது கடைசியில் சம்பளம், சாப்பாடு, குளிருக்கு உடுப்பு, வீட்டில் பிள்ளைகள் பசியில்லாமல் இருப்பது என்று வந்து நிற்கிறது. பட்ஜெட்டில் இந்தச் செலவை வெட்டுகிறவர்கள் எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

பாகிஸ்தானைப் பற்றிப் பேசும்போதும் இதையேதான் சொல்வேன். 2014 செப்டம்பர் 6 அன்று கராச்சி துறைமுகத்தில் சுல்ஃபிகர் என்ற போர்க்கப்பலைக் கடத்த அல்-காய்தா ஆட்கள் முயன்றார்கள். அதற்கு உள்ளிருந்தே கடற்படை ஆட்கள் உதவினார்கள். பிறகு கடற்படை அதிகாரிகள் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அணு ஆயுதங்களுக்கென்று அங்கே தனிப் பாதுகாப்புப் படை இருக்கிறது, ஆட்களைச் சலித்து எடுக்கும் முறையும் இருக்கிறது. ஆனாலும் 60-70 கிலோமீட்டர் பாயும் நஸ்ர் போன்ற குறுந்தூர ஏவுகணைகளைப் போர்க் காலத்தில் முன்களத்துக்குக் கொண்டுபோனால், பத்திருபது பேர் கொண்ட சிறு குழுக்களின் கைக்கு அவை போகும். அந்தக் குழுக்களில் ஒன்று புரண்டாலும் போதும்.

கிடங்கைச் சுற்றிச் சண்டை நடந்தால் குண்டு வெடித்துவிடுமா என்ற பயத்துக்கும் பதில் சொல்லவேண்டும். துப்பாக்கிச் சூட்டிலோ தீயிலோ அணு வெடிப்பு நிகழும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. உள்ளே இருக்கும் சாதாரண வெடிமருந்து எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் வெடித்தால்தான் அணு வெடிப்பு நிகழும். ஒரு இடத்தில் மட்டும் வெடித்தால் நிகழாதபடி வடிவமைக்கிறார்கள். ஆனால் அந்த ஓரிட வெடிப்பே புளூட்டோனியத்தைத் தூளாக்கிக் காற்றில் கலந்துவிடும். 1966 ஜனவரியில் ஸ்பெயினின் பலோமாரெஸ் கிராமத்தின் மேல் அமெரிக்க விமானம் நொறுங்கியபோது நான்கு ஹைட்ரஜன் குண்டுகளில் இரண்டில் இப்படித்தான் ஆனது. சுமார் 1,400 டன் மண்ணை அள்ளிப் பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். இன்னும் அங்கே சுத்தம் செய்யாத நிலம் இருக்கிறது. அது அமைதிக் காலம். வேண்டிய ஆட்களும் இயந்திரங்களும் உடனே வந்து சேர்ந்தார்கள். சண்டை நடக்கும் இடத்தில் மண்ணை அள்ள யார் போவார்?

இனி உங்கள் நண்பரின் யோசனை. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். முதலில், எத்தனை குண்டுகள், எங்கெங்கே என்பது வெளியாருக்கு முழுமையாகத் தெரியாது. பத்தில் எட்டைப் பிடித்தாலும் மீதி இரண்டு மிகவும் கோபத்தில் இருப்பவர்களின் கையில் இருக்கும். இரண்டாவது, வெளியிலிருந்து படை வருகிறது என்ற சந்தேகம் வந்தாலே அந்த நாடு குண்டுகளைக் கிடங்கிலிருந்து எடுத்துப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பும். மதிலுக்குள், பலத்த காவலில் இருந்த பொருள் சாலையில், லாரியில், நாலைந்து பேர் காவலில் போகும். திருடனுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. மூன்றாவது, கலகத்தின் நடுவே இருக்கும் அரசு ஏற்கெனவே இதன் பின்னால் அந்நியன் இருக்கிறான் என்று நம்பத் தயாராக இருக்கும். 1995 ஜனவரி 25 அன்று நார்வே வடதுருவ ஒளியை ஆராய்வதற்காக ஒரு ராக்கெட்டை ஏவியது. முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தும் அது ரஷ்ய ராடார் நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை. ரஷ்ய அதிபர் எல்ட்சினின் அணு ஆயுதப் பெட்டி உயிர்பெற்றது. அன்று ரஷ்யாவில் கலகம் எதுவும் இல்லை. அதிபர் யார் என்பதிலும் சந்தேகமில்லை. ஆகவே சில நிமிடங்களில் தெளிந்தது. அதே ராக்கெட் 1991 ஆகஸ்ட் 19 அன்று பறந்திருந்தால்?

வெளிநாடுகள் செய்யக்கூடியது இருக்கிறது. அது சத்தமில்லாத வேலை. வாக்னர் கலகம் முடிந்த சில நாட்களுக்குள் சிஐஏ தலைவர் பர்ன்ஸ் ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் நரிஷ்கினைத் தொலைபேசியில் அழைத்தார். இதில் எங்களுக்குப் பங்கில்லை என்று சொன்னதாகச் செய்திகள் வந்தன. 1991-இல் நடந்தது இதைவிடப் பெரிது. ஆகஸ்ட் கலகம் தோற்ற ஐந்து வாரங்களில், செப்டம்பர் 27 அன்று, மூத்த புஷ் யாருடனும் ஒப்பந்தம் பேசாமலே அமெரிக்காவின் குறுந்தூரத் தரைவழி அணு ஆயுதங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அக்டோபர் 5 அன்று கோர்பச்சேவ் ஏறக்குறைய அதே அளவுக்குப் பதில் அறிவிப்புச் செய்தார். நாடு கலைந்துகொண்டிருக்கும்போதே, 1992 மே மாதத்துக்குள், மற்ற குடியரசுகளில் கிடந்த சிறிய அணுகுண்டுகள் எல்லாம் ரயிலேறி ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அமெரிக்க செனட்டர்கள் நன், லூகர் இருவரும் கொண்டுவந்த சட்டம் முதல் தவணையாக 40 கோடி டாலர் வரை ஒதுக்க வழிசெய்தது. குண்டுகளைப் போர்த்தக் கவசப் போர்வைகள், பத்திரமான ரயில் பெட்டிகள், கொள்கலன்கள் என்று அந்தப் பணம் போனது. எதிரியின் குண்டுக்குப் போர்வை வாங்கிக் கொடுத்த அந்தப் பெருந்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று அந்த உறவு இல்லை. அந்தத் திட்டத்தின் பழைய ஏற்பாட்டை ரஷ்யா 2013-இல் முடித்துக்கொண்டது. அடுத்த கலகத்தின்போது போர்வை கொண்டுபோக ஆளில்லை என்பதுதான் என் முக்கியமான கவலை.

கடைசிக் கேள்வி: எதைக் கவனிப்பது? தலைநகரை நோக்கிப் போகும் டாங்கிகளின் படங்களை வைத்து அணு ஆயுத ஆபத்தை அளக்காதீர்கள். அதிபரும் பாதுகாப்பு அமைச்சரும் தலைமைத் தளபதியும் ஒரே குரலில் பேசுகிறார்களா, அவர்களில் யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்று பாருங்கள். ஏவுகணைப் படையும் கடற்படையும் யார் பக்கம் என்று சொல்லியிருக்கின்றனவா என்று பாருங்கள். மற்ற அணு ஆயுத நாடுகள் தங்கள் படைகளின் தயார்நிலையை மாற்றியதாக அறிவித்திருக்கின்றனவா என்பது அடுத்தது. 2023-இல் ரஷ்யாவின் அணு ஆயுத நிலையில் மாற்றம் எதையும் காணவில்லை என்றது அமெரிக்கா; தன் நிலையையும் மாற்றவில்லை. அந்த வாரத்தின் மிக நல்ல செய்தி அதுதான். கிடங்கை நோக்கி வண்டிகள் போகின்றன என்ற செய்தியைவிட, கிடங்கிலிருந்து மூடிய வண்டிகள் வெளியே வருகின்றன என்ற செய்திக்கு அதிகம் பயப்படுங்கள். வந்தால் யார் உத்தரவில், எங்கே போகின்றன என்று கேளுங்கள். கலகம் மூன்றாவது நாளைத் தாண்டினால் இன்னொன்றும் சேரும்: காவல் படைக்கு உணவும் எரிபொருளும் யார் அனுப்புகிறார்கள் என்பது.

அன்புடன்,
ஆசிரியர்